நதிக்குச் சுருதி சேர்த்தவர்கள்

ஜெர்மன் மொழியில் ‘ஸ்டிம்முங்’ என்றொரு சொல் உண்டு. மனநிலையைக் குறிப்பதும் அதுதான், வயலினுக்குச் சுருதி சேர்ப்பதைக் குறிப்பதும் அதுதான். 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் ஆஸ்திரிய நதிக்கரைகளை வரைந்த ஓவியர்களின் பாணிக்கு, கலை வரலாற்றாசிரியர்கள் இந்தச் சொல்லை வைத்தே ‘ஸ்டிம்முங்ஸ் இம்ப்ரெஷனிசம்’ என்று பெயரிட்டார்கள். மிகப் பொருத்தமான பெயர். பிரெஞ்சு ஓவியர்கள் பளிச்சென்ற வண்ணங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். இவர்களோ வானம், கரை, நீர் மூன்றையும் ஒரே சாம்பல் சுருதிக்குள் கொண்டுவந்தார்கள்.

முன்னோடி எமில் யாக்கோப் ஷிண்ட்லர் (1842–1892). கார்ல் மோல், மரீ எக்னர், ஓல்கா விசிங்கர்-ஃப்ளோரியான் எல்லோரும் அவரிடம் பயின்றவர்கள். வியன்னாவின் பிராட்டர் பூங்காவில் அவரோடு ஓவியக்கூடத்தைப் பகிர்ந்துகொண்ட டீனா பிளாவ், வண்ணங்களையும் துணியையும் குழந்தைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு வெளியில் போய் வரைந்தவர். முன்பெல்லாம் வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைப்பார்கள்; அதோடு அப்படி அலைவது பெரும்பாடு. 1841-ல் ஜான் கோஃப் ராண்ட் காப்புரிமை பெற்ற தகரக் குழாய்தான் அந்தக் கஷ்டத்தைத் தீர்த்தது.

எண்ணெய் வண்ணத்தில் நீர் வரைவது எனக்கு என்றும் தீராத வியப்பு. நேர் கீழே பார்க்கும்போது நீரின் மேற்பரப்பு 100-ல் சுமார் 2 பங்கு ஒளியைத்தான் திருப்பி அனுப்புகிறது. அதனால் காலடியில் மணல் தெரிகிறது. பார்வை சாயச் சாய அந்தப் பங்கு ஏறி, தொலைவில் நீர் முழுக்க வானமாகிவிடுகிறது. ஆகவே ஒரே துணியில் இரண்டு ஆறுகளை வரைய வேண்டும், நடுவில் தையல் தெரியவும் கூடாது.

அடுத்து பிம்பம். கரையிலுள்ள வெள்ளைச் சுவர் நீரில் சற்று மங்கும், ஏனென்றால் ஒளியில் ஒரு பங்கை நீர் விழுங்கிவிடுகிறது. கறுத்த மரமோ நீரில் சற்று வெளிறும். கலங்கல் நீர் சிதறடிக்கும் ஒளி அதோடு சேர்ந்துகொள்கிறது. சிற்றலை ஒவ்வொன்றும் சாய்ந்த ஒரு குட்டிக் கண்ணாடி என்பதால், பிம்பம் பார்ப்பவரை நோக்கி நீண்டுவிடும். தட்டைத் தூரிகையை மேலிருந்து கீழாக இழுத்து அந்த நீட்சியைக் காட்டுவார்கள். ஈரம் காய்வதற்குள், காற்று தொட்ட இடத்தில் குறுக்கே ஒரே ஒரு வெளிறிய இழுப்பு. அந்த நொடியில் வண்ணம் படுத்து நீராகிவிடும். இரண்டாவது இழுப்பு போட்டால் அது மறுபடி வெறும் வண்ணம்தான்.

வியன்னாவின் கைசர்மியூலன் பகுதிக்கு எதிரே டான்யூப் கரையிலிருந்த நீராவிக் கப்பல் துறையை ஷிண்ட்லர் 1871–72 வாக்கில் வரைந்தார். படம் வியன்னாவின் பெல்வெடெரே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதே ஆண்டுகளில்தான் வெள்ளத்தை அடக்க டான்யூபுக்கு நேரான புதுப் படுகையை வெட்டிக்கொண்டிருந்தார்கள். 1875-ல் நதி அதற்குள் திருப்பிவிடப்பட்டது. அதற்கு முன் நதியின் முதன்மை ஓட்டமாக இருந்தது இன்று ‘பழைய டான்யூப்’ என்ற பெயரில், ஓட்டமில்லாத ஏரியாகக் கிடக்கிறது. கோடையில் வியன்னா மக்கள் அங்கே நீந்துகிறார்கள்.