பழைய டிராக்டர் எஞ்சினும் புகைபோக்கியும்: புகை சொல்லும் பழுதுகள்

வண்டலூரிலிருந்து ஒரகடம் வழியாக வாலாஜாபாத் வரும் சாலையில் புத்தம் புதிய லாரிகளும் கார்களும் வரிசையாகச் செல்வதை நாள்தோறும் காண்கிறீர்கள். அதே சாலையோரத்துக் கழனிகளில் இருபது, முப்பது ஆண்டுகளுக்கு முன் வாங்கிய டிராக்டர்கள் இன்றும் சேடை ஓட்டுகின்றன. 1960இல் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனத்தின் மாசி பெர்குசன் 1035 இவற்றுள் ஒன்று. சிம்ப்சன் நிறுவனத்தின் மூன்று சிலிண்டர் டீசல் எஞ்சின் கொண்ட இவ்வண்டியை முறையாகப் பேணினால் இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும்.

ஒரகடத்துப் புதிய லாரியின் சைலன்சரும் நம் டிராக்டரின் சைலன்சரும் ஒன்றல்ல. 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிப்படி, லாரி சைலன்சருக்குள் புகையைச் சுத்தம் செய்யும் வடிகட்டிகள் உள்ளன. ஊர்ப் பட்டறையில் அதைக் கை வைக்கக் கூடாது. பழைய டிராக்டரில் இருப்பதோ துளையிட்ட குழாய் அடங்கிய தகரப் பெட்டி மட்டுமே. இதன் பழுதை நீங்களே கண்டறியலாம்.

புகையின் நிறத்தைப் பாருங்கள்

கறுப்புப் புகை, டீசல் முழுவதும் எரியவில்லை என்பதைக் காட்டுகிறது. சுமை ஏறும் கணத்தில் சிறிது கறுப்பு வருவது இயல்பே. தொடர்ந்து வந்தால் முதலில் ஏர் கிளீனரைத் திறந்து பாருங்கள். பத்தில் பல வண்டிகளுக்குக் குறை அங்கேதான் இருக்கும் என்பது எம் அனுபவம். அடிக் கிண்ணத்து எண்ணெய் சேறாகியிருந்தால் கிண்ணத்தையும் கம்பி வலையையும் டீசலில் கழுவி, குறியிட்ட அளவு வரை மட்டும் புது எண்ணெய் ஊற்ற வேண்டும். நெல் அடிக்கும் நாட்களில் இதைத் தினமும் பார்த்தல் நலம். காற்றுப் பாதை சுத்தமாயிருந்தும் புகை குறையவில்லையெனில் இஞ்செக்டரைச் சோதனைக்குக் கொடுக்கவும். எந்தச் சிலிண்டரில் குறை என்றறிய, எஞ்சின் மெதுவாக ஓடும்போது ஒவ்வொரு இஞ்செக்டர் குழாயின் நட்டையும், மேலே துணி போர்த்தி, ஒன்றன்பின் ஒன்றாகச் சற்றுத் தளர்த்துங்கள். எதைத் தளர்த்தும்போது எஞ்சின் ஓசை மாறவில்லையோ அந்தச் சிலிண்டர் சரியாக வேலை செய்யவில்லை. இஞ்செக்டர் பீச்சும் டீசலுக்கு எதிரே ஒருபோதும் கையை நீட்டாதீர்கள். அது தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் கடுகளவே தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

நீலப் புகை என்றால் எஞ்சின் எண்ணெய் எரிகிறது. பிஸ்டன் ரிங்கோ வால்வு கைடோ தேய்ந்திருக்கும். ஆயினும் ஏர் கிளீனரில் எண்ணெய் மிகுதியாக ஊற்றியிருந்தாலும் இதே புகை வரும். எஞ்சினைப் பிரிக்குமுன் இதைப் பார்த்துவிட்டால் பெருஞ்செலவு மிஞ்சலாம்.

வெள்ளைப் புகை காலைக் குளிரில் சற்று நேரம் வந்து நிற்குமானால் கவலையில்லை. சூடான பின்னும் வந்து, ரேடியேட்டர் நீரும் குறைந்துகொண்டே போனால் ஹெட் கேஸ்கட் பழுதாகியிருக்கும். அளவுகோலை இழுத்துப் பாருங்கள். எண்ணெய் மோர் போல் வெளுத்திருந்தால் வண்டியை அன்றே நிறுத்திவிட வேண்டும்.

மேனிபோல்டில் கசிவு

எஞ்சின் தலையிலிருந்து புகையை வாங்கிச் சைலன்சருக்குத் தருவது மேனிபோல்டு என்னும் வார்ப்பிரும்பு. இது நாளும் காய்ந்து குளிர்வதால் கேஸ்கட் கருகும், ஸ்டட் முறியும், வார்ப்பு விரியும். இணைப்பில் கரிக்கோடு படிந்திருப்பதும், குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பியதும் 'பட் பட்' என்று தனி ஓசை கேட்பதும் கசிவின் அடையாளங்கள்.

இறுகிய நட்டை முரட்டுத்தனமாகத் திருகினால் ஸ்டட் தலையோடு முறியும். முன்னிரவே டீசலும் எண்ணெயும் கலந்து ஊறவிட்டு, மறுநாள் குளிர்ந்த எஞ்சினில், முதலில் சற்று இறுக்கிப் பிறகு தளர்த்தவும். பழைய கேஸ்கட்டில் கல்நார் இருக்கக்கூடும். அதைக் காய்ந்த நிலையில் கம்பி பிரஷால் தேய்க்காமல், நனைத்துச் சுரண்டி எடுக்க வேண்டும். கல்நார்த் தூசி நுரையீரலைக் கெடுக்கும். மேனிபோல்டின் முகம் வளைந்திருந்தால் லேத்துப் பட்டறையில் சமன் செய்து, புதுக் கேஸ்கட் வைத்து, நடு நட்டிலிருந்து தொடங்கி இரு பக்கமும் சிறிது சிறிதாக இறுக்குங்கள். ஒருமுறை சூடேறி ஆறிய பின் மீண்டும் இறுக்க வேண்டும்.

விரிந்த வார்ப்பைச் சாதாரணக் கம்பியால் பற்றவைத்தால் பக்கத்திலேயே மறுபடி விரியும். விரிசலின் இரு முனையிலும் சிறு துளையிட்டு, முழுவதையும் சூடேற்றி, நிக்கல் கம்பியால் பற்றவைத்து, சாம்பலுக்குள் புதைத்து மெல்ல ஆறவிட வேண்டும். இதைச் செய்யும் பொறுமை பட்டறைக்காரருக்கு இல்லையெனில் புதிய மேனிபோல்டு வாங்குவதே சிக்கனம்.

சைலன்சரைக் கழற்றினால் இழுவை கூடும் என்று சிலர் நம்புகின்றனர். நல்ல சைலன்சரைக் கழற்றினால் கூடுவது ஓசையும், ஓட்டுபவரின் காது மந்தமும்தான். உள்தகடு துருப்பிடித்துக் கழன்று பாதையை அடைத்திருந்தால் மட்டுமே இழுவை குறையும். தட்டிப் பார்த்தால் உள்ளே கடகடக்கும். மாற்றும்போது பழைய அளவு விட்டமுள்ளதையே வாங்குங்கள். ஓட்டை விழுந்த சைலன்சரோடு வைக்கோல் போருக்கருகே வண்டியை நிறுத்த வேண்டாம். தெறிக்கும் கரிப்பொறி ஒன்று போதும், போர் முழுவதும் எரிந்துவிடும்.

மழைநீரும் கிணறும்

நிமிர்ந்த புகைபோக்கிக்கு மூடி இல்லாவிடில் ஐப்பசி, கார்த்திகை மழை நேராக உள்ளே இறங்கும். திறந்திருக்கும் வால்வு வழியாக நீர் சிலிண்டரை அடைந்தால், காற்றைப் போல அது நெரிபடாது. அந்நிலையில் செல்ஃபை அழுத்தினாலோ, மற்றொரு வண்டியால் இழுத்துக் கிளப்பினாலோ கனெக்டிங் ராடு வளையும். மழையில் நின்ற எஞ்சின் சுற்றாமல் முட்டினால், இஞ்செக்டர்களைக் கழற்றி, கையால் மெல்லச் சுழற்றி நீரை வெளியேற்றிய பிறகே கிளப்ப வேண்டும். புகைபோக்கியின் மேல் கவிழ்த்த ஒரு பழைய டப்பா இவ்வளவையும் தவிர்க்கும். கிளப்புமுன் அதை எடுக்க மறவாதீர்கள்.

நீர்மட்டம் இறங்கும் கோடையில் சிலர் ஆயில் எஞ்சினைக் கிணற்றுத் திட்டில் இறக்கி ஓட்டுகின்றனர். இது உயிருக்கு ஆபத்து. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் செய்துவிடும். விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய சோதனை இதற்கு உதவாது. ஆளைக் கொல்லும் அளவு வாயு இருக்கும்போதும் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். கூடுமானவரை எஞ்சினைக் கரையிலேயே வைக்கவும். கதவடைத்த கொட்டகையிலும் எஞ்சினை ஓட்டக் கூடாது. உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால், அவரைத் தூக்கப் பின்னாலேயே இறங்காதீர்கள், இறங்குபவரும் விழுவார். தீயணைப்பு நிலையத்தை 101 அல்லது 112இல் அழைத்து, அவர்கள் வரும்வரை ஒருவரையும் இறங்க விடாமல் கரையில் நில்லுங்கள்.