வலைக்குப் பின்னால் நின்ற வீரர்

கனடாவில் ஐஸ் ஹாக்கி என்றால் உயிர். பந்துக்குப் பதில் 'பக்' என்ற ரப்பர் வில்லை. தாக்குதலை நடத்துபவர் 'சென்டர்'.

1961-ல் பிறந்த வெய்ன் கிரெட்ஸ்கி ஒல்லியான பையன். பெரிய பையன்களை இடித்துத் தள்ள முடியுமா? வீட்டுத் தோட்டத்திலேயே பனித்தளம் அமைத்துக் கொடுத்த அப்பா வால்டர், 'பக்' எங்கே போகும் என்று யோசித்து ஆடக் கற்றுத்தந்தார்.

இவ்விளையாட்டில் கோல் வலைக்குப் பின்னாலும் ஆடலாம். வெய்ன் அங்கே நிற்பார். எதிரணியினர் அவரையே பார்க்க, முன்னால் நிற்கும் தோழருக்குப் 'பக்' போய்விடும்!

தேசிய ஹாக்கி லீக்கில் அவர் அடித்தது 894 கோல்கள். அதை 2025-ல் ரஷ்ய வீரர் ஒவெச்கின் முறியடித்தார். பிறர் கோலடிக்க வெய்ன் உதவியது 1,963 முறை! அந்தச் சாதனை அப்படியே இருக்கிறது.

நாளை விளையாடும்போது நீங்களும் நண்பனுக்குப் பந்தைக் கொடுத்துப் பாருங்களேன்!