புதுக் கம்ப்யூட்டர் வாங்கும் முன் இதைச் செய்து பாருங்கள்

கல்வி உதவி கேட்டு நமது டிரஸ்ட்டுக்கு வரும் பெற்றோர்களில் சிலர், கட்டணத்தோடு சேர்த்துப் புது லேப்டாப்புக்கும் உதவி கேட்கிறார்கள். "வீட்டில் இருப்பது பழசாகிவிட்டது. ஆன் செய்தால் பத்து நிமிடம் ஆகிறது. பிள்ளையால் ஒரு விண்ணப்பம்கூட நிரப்ப முடியவில்லை" என்பதே அவர்கள் சொல்லும் காரணம். இன்னும் சிலர் யாரிடமும் கேட்காமல், கடன் வாங்கியோ நகையை அடகு வைத்தோ புதிது வாங்கிவிடுகிறார்கள்.

கம்ப்யூட்டர் மெதுவாவதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் ஒன்றைச் செலவில்லாமல் நாமே அரை மணி நேரத்தில் சரிசெய்துவிடலாம். ஆன் செய்தவுடன் நாம் கேட்காமலேயே ஓடத் தொடங்கும் புரோகிராம்களை நிறுத்துவதுதான் அது. அதை எப்படிச் செய்வது, எதைத் தொடக்கூடாது என்பதை இங்கே விளக்குகிறோம். பெரும்பாலான வீடுகளில் இருப்பது விண்டோஸ் என்பதால் அதை வைத்தே சொல்கிறோம்.

ஒரு குழாய், இருபது குடங்கள்

நாம் பாஸ்வேர்டு கொடுத்து உள்ளே போனதும் விண்டோஸ் தன் வேலைகளோடு நிற்பதில்லை. "நான் தொடங்கும்போது கூடவே தொடங்கு" என்று பதிவாகியுள்ள புரோகிராம்களின் பட்டியலைப் பார்த்து, அவற்றையும் எழுப்புகிறது. நாம் ஒரு மென்பொருளை நிறுவும்போது அது தன் பெயரையும் இந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்வது உண்டு. பெரும்பாலும் நம்மிடம் கேட்பதில்லை. கேட்டாலும், ஏற்கெனவே டிக் போடப்பட்ட ஒரு கட்டமாக அது இருக்கும். நாம் படிக்காமல் 'நெக்ஸ்ட்' அழுத்திவிடுவோம்.

இப்படி ஆண்டுக்கணக்கில் சேர்ந்தவை எல்லாம் ஒரே நேரத்தில் வட்டிலிருந்து தகவல் கேட்கின்றன. பழைய ஹார்ட் டிஸ்க்கில் சுழலும் தட்டின் மேல் ஒரு முள் அங்கும் இங்கும் நகர்ந்துதான் தகவலை எடுத்துத் தர முடியும். தெருக்குழாய் ஒன்று, வரிசையில் இருபது குடங்கள் என்றால் என்ன ஆகும்? நமக்கு வேண்டிய ஒரு குடமும் அந்த வரிசையில்தான் நிற்க வேண்டும். அதோடு முடிவதில்லை. எழுந்த புரோகிராம்கள் பின்னணியில் உட்கார்ந்து நினைவகத்தையும் பிடித்துக்கொள்கின்றன. 4 ஜிபி ரேம் மட்டுமே உள்ள கம்ப்யூட்டருக்கு இது பெரிய பாரம்.

பட்டியலைத் திறப்பது எப்படி?

தொடங்கும் முன், ஆன் செய்ததிலிருந்து ஒரு இணையப் பக்கம் திறக்கும் வரை எவ்வளவு நேரம் ஆகிறது என்று செல்போனில் பார்த்து ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பலன் கிடைத்ததா என்று பிறகு தெரிந்துகொள்ள இதுவே அளவுகோல்.

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்தினால் 'டாஸ்க் மேனேஜர்' திறக்கும். விண்டோஸ் 10இல் அது சிறிய பெட்டியாகத் திறந்தால், கீழே உள்ள 'மோர் டீடெய்ல்ஸ்' என்பதை அழுத்துங்கள். மேலே வரும் தலைப்புகளில் 'ஸ்டார்ட்அப்' என்பதைத் தேர்வு செய்யுங்கள். விண்டோஸ் 11இல் இது இடப்பக்க வரிசையில் 'ஸ்டார்ட்அப் ஆப்ஸ்' என்ற பெயரில் இருக்கும்.

அங்கே புரோகிராமின் பெயர், வெளியிட்ட நிறுவனம், இப்போது இயங்குமாறு உள்ளதா இல்லையா, தொடக்கத்தின் மீது அதன் தாக்கம் ஆகியவை வரிசையாக இருக்கும். தாக்கத்தை 'ஹை', 'மீடியம்', 'லோ' என்று விண்டோஸே அளந்து சொல்கிறது. தொடங்கும்போது பிராசஸரின் நேரத்தில் ஒரு நொடிக்கு மேல் எடுத்தாலோ, வட்டில் 3 எம்பிக்கு மேல் படித்து எழுதினாலோ அது 'ஹை'. முதலில் பார்க்க வேண்டியவை இவைதான்.

வேண்டாததை ரைட் கிளிக் செய்து 'டிசேபிள்' என்பதை அழுத்துங்கள். அவ்வளவுதான். டிசேபிள் செய்வதால் அந்தப் புரோகிராம் அழிந்துவிடாது. தானாகத் தொடங்குவது மட்டுமே நிற்கும். நாம் போய்த் திறந்தால் முன்போலவே வேலை செய்யும். நிறுத்தியது தவறு என்று பின்னர் தோன்றினால், அதே இடத்தில் 'எனேபிள்' அழுத்தினால் பழைய நிலைக்கு வந்துவிடும். ஆகவே பயப்பட வேண்டியதில்லை. ஆனாலும் நிறுத்தியவற்றின் பெயரைத் தாளில் எழுதி வைப்பது நல்லது.

2011இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா லேப்டாப் திட்டத்தில் கிடைத்த பழைய லேப்டாப்கள் இன்னும் சில வீடுகளில் இருக்கின்றன. விண்டோஸ் 7 உள்ளவற்றில் வழி வேறு. விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தி, வரும் கட்டத்தில் 'எம்எஸ்கான்ஃபிக்' என்பதை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து என்டர் கொடுங்கள். அங்குள்ள 'ஸ்டார்ட்அப்' பகுதியில் வேண்டாதவற்றின் டிக்கை எடுத்துவிடலாம். ஒன்றை மறக்கக் கூடாது. விண்டோஸ் 7க்கான பாதுகாப்பு அப்டேட்கள் 2020 ஜனவரியோடு நின்றுவிட்டன. தட்டச்சு பழகவும் பாடம் படிக்கவும் அதைப் பயன்படுத்தலாம். வங்கிக் கணக்கு, ஆதார் தொடர்பான வேலைகளை அதில் செய்யாதீர்கள்.

எவற்றை நிறுத்தலாம்?

அரட்டை, மீட்டிங், பாட்டு, விளையாட்டு தொடர்பானவற்றைத் தயங்காமல் நிறுத்தலாம். டீம்ஸ், ஜூம், ஸ்பாட்டிஃபை, ஸ்டீம் போன்றவை வகுப்பு இருக்கும்போதோ தேவைப்படும்போதோ திறந்தால் போதும்.

பிரின்டரோடு வந்த துணைப் புரோகிராம்களையும் பெரும்பாலும் நிறுத்தலாம். மையின் அளவைக் காட்டுவதும் விளம்பரம் காட்டுவதும்தான் அவற்றில் பலவற்றின் வேலை. அச்சிடும் வேலை வேறு வழியில் நடக்கிறது. நிறுத்திய பின் ஸ்கேன் பட்டன் வேலை செய்யாவிட்டால் மட்டும் திரும்ப எனேபிள் செய்துகொள்ளுங்கள்.

'அப்டேட்டர்' என்ற பெயரில் வருபவற்றை நிறுத்தலாம். ஆனால் அந்த மென்பொருளுக்குப் புதிய அப்டேட் வந்திருக்கிறதா என்று மாதம் ஒருமுறை நாமே பார்க்க வேண்டும். அந்தப் பொறுப்பை ஏற்க இயலாதவர்கள் அதை அப்படியே விட்டுவிடுவது மேல்.

ஒன்டிரைவ் விஷயத்தில் யோசித்துச் செய்யுங்கள். யாரும் அதைப் பயன்படுத்தாத வீடு என்றால் நிறுத்தலாம். ஆனால் சில கம்ப்யூட்டர்களில் டெஸ்க்டாப்பிலும் டாக்குமென்ட்ஸிலும் உள்ள கோப்புகள் ஒன்டிரைவ் வழியாகத்தான் இணையத்தில் நகலாகின்றன. அதை நிறுத்திவிட்டால், திரும்பத் திறக்கும் வரை புதிய நகல் எடுக்கப்படாது. பிள்ளையின் புராஜெக்ட் அதில் இருந்தால் விட்டுவிடுங்கள்.

எவற்றைத் தொடக்கூடாது?

'விண்டோஸ் செக்யூரிட்டி' என்று தொடங்குவதையும் நீங்கள் பயன்படுத்தும் ஆன்டிவைரஸையும் நிறுத்தாதீர்கள். ரியல்டெக், இன்டெல், சினாப்டிக்ஸ் போன்ற பெயர்களில் இருப்பவை ஒலி, திரை, டச்பேட் ஆகியவற்றோடு தொடர்புடையவை. அவற்றையும் விட்டுவிடுங்கள். அழகி, என்எச்எம் ரைட்டர் போன்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருள் தானாகத் தொடங்குமாறு இருந்தால், தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு அது தேவை. சிறுவணிகம் செய்வோர் வரிக் கணக்குத் தாக்கலுக்காக டிஜிட்டல் கையொப்பச் சாவி வைத்திருந்தால், அது தொடர்பான புரோகிராமை நிறுத்தும் முன் உங்கள் கணக்காளரிடம் கேளுங்கள்.

கம்ப்யூட்டர் வாங்கும்போது கூடவே வந்து காலாவதியான ஆன்டிவைரஸ் பல வீடுகளில் அப்படியே கிடக்கிறது. அது காவலும் காப்பதில்லை, இடத்தையும் விடுவதில்லை. அதை டிசேபிள் செய்வதைவிட முழுவதுமாக நீக்கிவிடுவது சரி. நீக்கியதும் விண்டோஸ் 10, 11இல் உள்ள டிஃபென்டர் தானே பொறுப்பை எடுத்துக்கொள்ளும். அதற்குத் தனியாகக் காசு இல்லை.

பெயரே புரியாத ஒன்று இருந்தால்? ரைட் கிளிக் செய்து 'சர்ச் ஆன்லைன்' கொடுத்துப் பாருங்கள். 'ஓப்பன் ஃபைல் லொகேஷன்' கொடுத்தால் அது எந்த மென்பொருளின் போல்டரில் இருக்கிறது என்பது தெரியும். அப்படியும் புரியாவிட்டால் கைவைக்காமல் விட்டுவிடுங்கள். தெரிந்தவற்றை நிறுத்தினாலே பெரும்பாலும் பலன் தெரிந்துவிடும்.

செய்த பிறகு 'ரீஸ்டார்ட்' கொடுங்கள்

விண்டோஸ் 8 முதல் 'ஷட் டவுன்' கொடுத்தாலும் விண்டோஸ் தன் உள்நிலையில் ஒரு பகுதியை வட்டில் சேமித்து வைத்து, அடுத்த முறை அதிலிருந்து தொடங்குமாறு அமைக்கப்பட்டிருப்பது வழக்கம். 'ரீஸ்டார்ட்' கொடுத்தால்தான் முழுவதும் புதிதாகத் தொடங்கும். எனவே ஒருமுறை ரீஸ்டார்ட் செய்துவிட்டு, முன்பு குறித்த நேரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முன்பு ஷட் டவுன் செய்து ஆன் செய்த நேரத்தைக் குறித்திருந்தால், இப்போதும் அப்படியே செய்து ஒருமுறை பாருங்கள்.

நிறுத்தியது மீண்டும் வந்து நின்றால், அந்தப் புரோகிராமைத் திறந்து அதன் 'செட்டிங்ஸ்' பகுதியில் தானாகத் தொடங்கும் வசதியை அணையுங்கள். குரோம் பிரவுசரில் 'சிஸ்டம்' பகுதியில், மூடிய பின்னும் பின்னணியில் ஓடும் வசதி ஒன்று இருக்கிறது. எட்ஜ் பிரவுசரில் 'ஸ்டார்ட்அப் பூஸ்ட்' என்று ஒன்று உண்டு. இவற்றையும் அணைக்கலாம். அண்ணன், தங்கை என்று தனித்தனிக் கணக்கு வைத்திருக்கும் வீடுகளில் ஒவ்வொரு கணக்கிலும் பட்டியலைப் பார்க்க வேண்டும்.

கம்ப்யூட்டர் நன்கு தெரிந்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால், மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் 'ஆட்டோரன்ஸ்' என்ற கருவியைப் பயன்படுத்தலாம். டாஸ்க் மேனேஜர் காட்டாத இடங்களில் பதிந்திருப்பவற்றையும் அது காட்டும். மற்றவர்கள் அதைத் தொடாமல் இருப்பது நல்லது.

ஏமாற்றுக்காரர்களிடம் எச்சரிக்கை

கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கிறது என்ற கவலையை வைத்தே பணம் பறிப்பவர்கள் இருக்கிறார்கள். "உங்கள் கம்ப்யூட்டரில் 1,200 பிழைகள்" என்று திரையில் மிரட்டி, வேகமாக்கும் மென்பொருளை வாங்கச் சொல்வார்கள். அதை நிறுவினால், அதுவே தொடக்கப் பட்டியலில் போய் உட்கார்ந்துகொள்ளும். நோயைத் தீர்க்க வந்த மருந்தே நோயாகிவிடும்.

வேறு சிலர் "மைக்ரோசாஃப்டிலிருந்து பேசுகிறோம்" என்று போன் செய்வார்கள். அல்லது ஒரு எண்ணைத் திரையில் காட்டி அழைக்கச் சொல்வார்கள். மைக்ரோசாஃப்டின் எச்சரிக்கைச் செய்திகளில் போன் எண் வராது. இத்தகையவர்கள் எனிடெஸ்க், டீம்வியூவர் போன்ற, தொலைவிலிருந்து கம்ப்யூட்டரை இயக்கும் மென்பொருளை நிறுவச் சொல்வார்கள். அவை முறையான மென்பொருள்கள்தாம். ஆனால் முன்பின் தெரியாதவர் கையில் அவற்றைக் கொடுப்பது வீட்டுச் சாவியைக் கொடுப்பதற்குச் சமம். உங்கள் பட்டியலில் இவற்றில் ஒன்று இருந்து, அதை யார் நிறுவினார் என்று வீட்டில் யாருக்கும் தெரியாவிட்டால், டிசேபிள் செய்வதோடு நிற்காமல் நீக்கிவிடுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் புகார் செய்யுங்கள். முன்கூட்டிச் சொன்னால் பணத்தை நிறுத்தி வைக்கும் வாய்ப்பு கூடும்.

இதற்கும் சரியாகாவிட்டால்

தொடக்கப் பட்டியலைக் குறைத்தும் வேகம் வராவிட்டால், அடுத்துப் பார்க்க வேண்டியது வட்டு. ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்எஸ்டி போட்டால், சுழலும் தட்டும் முள்ளும் இல்லாததால் பழைய கம்ப்யூட்டரே நன்றாக ஓடும். ரேம் குறைவாக இருந்தால் அதையும் கூட்ட முடியுமா என்று விசாரியுங்கள். இவை புது லேப்டாப்பைவிடப் பல மடங்கு குறைந்த செலவு. ஹார்ட் டிஸ்க்கில் டிக் டிக் என்ற சத்தம் கேட்டால், வேறு எதையும் செய்யும் முன் சான்றிதழ்களையும் படங்களையும் பென்டிரைவில் நகல் எடுத்துவிடுங்கள்.

விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்கள் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டன. உங்கள் கம்ப்யூட்டர் விண்டோஸ் 11ஐ ஏற்குமா என்பதையும் இதே நேரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பொறியியல் கலந்தாய்வில் விருப்பக் கல்லூரிகளைப் பதிவு செய்வதும் உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பதும் இப்போது இணையத்தில்தான் நடக்கின்றன. எல்லாவற்றுக்கும் கடைசித் தேதி உண்டு. அந்த நாளில் கம்ப்யூட்டரோடு போராடாமல், இந்த வாரமே அரை மணி நேரம் ஒதுக்கிவிடுங்கள். இவ்வளவும் செய்த பிறகும் கம்ப்யூட்டர் உதவாது என்று தெரிந்தால், தயங்காமல் டிரஸ்ட்டுக்கு எழுதுங்கள். செய்து பார்த்தவற்றையும் விண்ணப்பத்தில் குறிப்பிடுங்கள். தேவையில்லாமல் வாங்காத ஒரு லேப்டாப்பின் விலை, இன்னொரு பிள்ளையின் கல்விக் கட்டணமாகப் போய்ச் சேரும்.

இதைப் படித்துச் செய்யத் தெரிந்த இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள். அண்டை வீட்டில் தனியாக இருக்கும் பெரியவர்களுக்கும், பிள்ளைகளை ஒற்றையாக வளர்க்கும் தாய்மார்களுக்கும் இதைச் செய்து கொடுங்கள். அவர்கள் முன்னிலையில், அவர்களிடம் கேட்டே செய்யுங்கள். அவர்களுடைய படங்களையும் கடிதங்களையும் திறக்காதீர்கள். பிறருடைய கம்ப்யூட்டர் நம் கையில் இருக்கும் வரை அது அமானிதம்.