இடமும் வலமும் பேசிக்கொள்வதில்லை

மயக்கத்தில் ஆழ்ந்திருக்கும் நோயாளியை, அறுவை நடந்துகொண்டிருக்கும்போதே நிமிர்த்தி உட்கார வைக்கிறார்கள். மார்பகத்தைப் பெரிதாக்கும் அறுவையில் இது வழக்கமான காட்சி. கைகள் இரண்டும் பக்கப் பலகைகளில் நீட்டிக் கட்டப்பட்டிருக்கும். மேசையின் தலைப்பகுதி மெல்ல உயரும். மயக்க மருத்துவர் சுவாசக் குழாய் நழுவாமல் பார்த்துக்கொள்வார். அறுவை மருத்துவர் கால்மாட்டுக்குப் போய் நின்று, தலையைச் சாய்த்து, கண்ணை இடுக்கிப் பார்ப்பார். படுத்திருக்கும்போது பக்கவாட்டில் சரிந்து கிடக்கும் திசு, உட்கார்ந்ததும் கீழே இறங்கிவிடும். மேசையில் சமமாகத் தெரிந்தவை அப்போது சமமாக இருக்காது. அதனால் அளவு பார்ப்பதற்கென்றே செய்த தற்காலிகப் பை ஒன்றை உள்ளே வைத்து உட்கார வைப்பார்கள். சரியில்லையா, படுக்க வைத்து, வேறு அளவுப் பையை வைத்து, மறுபடியும் உட்கார வைப்பார்கள்.

இவ்வளவு மெனக்கெட்டும், மூன்றாவது வாரம் கண்ணாடி முன் நிற்கிற பெண்ணுக்கு ஒன்று மேலே தூக்கியும் மற்றது இறங்கியும் தெரியலாம். ஒன்று கல்லாக இருக்கும், இன்னொன்று மெத்தென்று இருக்கும். பதறிப்போய் மருத்துவருக்கு போன் செய்தால் “பொறுங்கள்” என்பார். அலட்சியமான பதில்போலத் தோன்றினாலும் அதற்குக் காரணம் இருக்கிறது. காயத்தை ஆற்றுவது உடம்பில் பெரும்பாலும் உள்ளூர் வேலை. கிழிந்த இடத்தில் என்ன இருக்கிறதோ, ரத்தம் அங்கே எதைக் கொண்டுவருகிறதோ அதை வைத்து அங்கேயே நடக்கும். இடப்பக்கம் எவ்வளவு தூரம் ஆறியிருக்கிறது என்று வலப்பக்கத்துச் செல்கள் எட்டிப் பார்ப்பதில்லை. நடப்பது இரண்டு தனித்தனி அறுவைகளின் இரண்டு தனித்தனிக் குணமடைதல்கள். அவை ஒரே நாளில் தொடங்கியது மட்டும்தான் ஒற்றுமை. அதுகூட முழு உண்மையில்லை. முதலில் முடித்த பக்கம், அடுத்த பக்கம் முடியும்வரை காத்திருக்கும்போதே வீங்கத் தொடங்கிவிடுகிறது.

சரி, அறுவைக்கு முன்பாவது இரண்டும் ஒன்றாக இருந்தனவா? அமெரிக்காவின் டல்லாஸ் நகர மருத்துவர்கள், மார்பகத்தைப் பெரிதாக்க வந்த 100 பெண்களை ஆராய்ந்து 2003-ல் முடிவை வெளியிட்டார்கள். 88 பேருக்கு இயற்கையிலேயே இரு பக்கமும் வித்தியாசமாக இருந்தது. அளவில், காம்பின் உயரத்தில், அடிமடிப்பின் மட்டத்தில், ஏன், அடியில் இருக்கும் விலாக்கூட்டின் வளைவில்கூட. முதுகெலும்பு இலேசாகக் கோணியிருந்தால் ஒரு பக்க விலா முன்னே தள்ளி நிற்கும். அதன் மேல் எதை வைத்தாலும் அதுவும் தள்ளித்தான் நிற்கும். மார்பகங்கள் அக்கா தங்கைதான், இரட்டைப் பிள்ளைகள் இல்லை என்று பிளாஸ்டிக் சர்ஜன்கள் நோயாளிகளிடம் சொல்வது ஆறுதலுக்காக அல்ல, அளந்து பார்த்த பிறகுதான். வேடிக்கை என்னவென்றால், பல பெண்கள் இந்த வித்தியாசத்தை முதன்முதலாகக் கவனிப்பதே அறுவைக்குப் பிறகுதான். அதற்கு முன் யாரும் தினமும் இத்தனை முறை உற்றுப் பார்ப்பதில்லை.

உள்ளே வைக்கும் சிலிகோன் பைக்கு ‘உள்பொருத்தி’ என்று பெயர் வைத்துக்கொள்வோம். மருத்துவமனையில் இம்ப்ளாண்ட் என்பார்கள். உலகின் முதல் சிலிகோன் உள்பொருத்தி 1962-ல் டெக்ஸாஸின் ஹூஸ்டன் நகரில் டிம்மி ஜீன் லிண்ட்ஸே என்ற பெண்ணுக்கு வைக்கப்பட்டது. தாமஸ் குரோனின், ஃபிராங்க் ஜெரோ என்ற இரு மருத்துவர்கள் செய்த அறுவை அது. அந்த அம்மாள் மருத்துவமனைக்குப் போனது பச்சை குத்தியதை அழிக்க. மார்பகத்தைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை. துருத்திய காதுகளைச் சரிசெய்ய வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. காதையும் சேர்த்துச் சரிசெய்து கொடுத்தார்கள்.

இனி தோலுக்கு அடியில் போகலாம். அறுவைக்குப் பிறகு முதலில் வருவது வீக்கம். நம் உடம்பின் மிக நுண்ணிய ரத்தக் குழாய்களான தந்துகிகளின் சுவர் ஒரே ஒரு செல் கனம்தான். உள்ளே ரத்தத்தின் அழுத்தம் நீரை வெளியே தள்ளுகிறது. ரத்தத்தில் இருக்கும் அல்புமின் என்ற புரதம் அதே நீரை உள்ளே இழுத்து வைக்கிறது. இந்த இழுபறியை 1896-ல் விளக்கியவர் எர்னஸ்ட் ஸ்டார்லிங் என்ற ஆங்கிலேய உடலியலாளர். (ஹார்மோன் என்ற சொல்லை உலகுக்குத் தந்தவரும் அவரே.) கத்தி பட்டதும் காயத்தைச் சுற்றியுள்ள செல்கள் ஹிஸ்டமின் முதலிய வேதிப்பொருள்களைக் கொட்டுகின்றன. தந்துகிச் சுவரின் செல்கள் சற்றே விலகி இடைவெளி விடுகின்றன. அந்தச் சந்து வழியாக, நீரைப் பிடித்து வைத்திருந்த அல்புமினே வெளியேறிவிடுகிறது. காவல்காரன் வெளியே போனபின் நீரைத் தடுக்க ஆளேது? கிருமியைக் கொல்லும் வெள்ளணுக்களும் பழுதுபார்க்கும் சரக்குகளும் காயத்துக்கு வந்து சேர்வது இந்த வழியில்தான். வீக்கம் கோளாறு அல்ல, வேலை நடக்கிறது என்பதற்கு அடையாளம். முதல் இரண்டு மூன்று நாளில் அது உச்சத்துக்குப் போகும்.

ஒரு பக்கம் கூடுதலாக வெறும் 50 மில்லிலிட்டர், அதாவது ஒரு கோழிமுட்டை அளவு நீர் தேங்கினால் போதும், கண்ணுக்குத் தெரிந்துவிடும். தேங்கிய நீரை வடித்து மீண்டும் ரத்தத்தில் சேர்ப்பது நிணநாளங்களின் வேலை. இந்தக் குழாய்களுக்கு இதயம்போலத் தனியாக ஒரு பம்ப் கிடையாது. குழாயே பம்ப். ஒருவழிக் கதவுகளுக்கு நடுவே உள்ள ஒவ்வொரு துண்டும் தானாகச் சுருங்கி, நீரை அடுத்த துண்டுக்குத் தள்ளிவிடும். மார்பகத்து நிணநீரில் முக்கால்வாசிக்கும் மேல் அக்குளை நோக்கித்தான் ஓடுகிறது. அறுவைக் கத்தி எந்தப் பக்கம் எத்தனை நாளத்தை அறுத்தது என்பது இரு பக்கமும் ஒரேபோல இருக்க வாய்ப்பில்லை. அறுந்தவை திரும்ப முளைத்து இணைய வாரக்கணக்கில் ஆகும். அதுவரை ஒரு பக்கத்து வடிகால் மந்தமாகவும் மறுபக்கத்தது விரைவாகவும் ஓடும்.

வீக்கம் வற்றினாலும் உயர வித்தியாசம் உடனே போய்விடாது. அதற்குக் காரணம் தசை. பல அறுவைகளில் உள்பொருத்தியைப் பெருமார்புத் தசைக்கு அடியில் வைக்கிறார்கள். நெஞ்செலும்பிலிருந்து தோள்வரை விசிறிபோல விரியும் தசை அது. அதன் கீழ் விளிம்பை அறுத்து விடுவித்து, ஏறத்தாழ 300 கிராம் எடையுள்ள ஒரு பையை அடியில் நுழைத்தால் தசை சும்மா இருக்குமா? விறைத்து இறுகும். பையை மேலே தள்ளும். முதல் வாரங்களில் கழுத்தெலும்புக்குக் கீழே மேடாகத் தெரிவது அதனால்தான். நாளாக ஆகத் தசை தளரும், பை கீழே இறங்கி உட்காரும், மார்பகத்தின் கீழ்ப்பாதி நிரம்பும். இதற்குப் பொதுவாக மூன்று முதல் ஆறு மாதம் பிடிக்கும். இரண்டும் ஒரே வாரத்தில் இறங்க வேண்டும் என்று சட்டம் இல்லை. வலது கைப் பழக்கம் உள்ளவரின் வலது தசை பெரும்பாலும் சற்றே தடித்தது. நாள் முழுக்க வேலை செய்வதும் அதுதான். அது விட்டுக்கொடுக்க இன்னும் சில வாரம் கேட்கலாம்.

பை இறங்க வேண்டுமானால் தோல் இடம்கொடுக்க வேண்டும். ரப்பரை இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். தோல் அப்படியில்லை; விடாமல் இழுத்துக்கொண்டே இருந்தால் அது புதுத் தோலை வளர்த்துவிடும். முதலில் தோலின் நார்கள் இழுவிசை பக்கமாக வரிசைகட்டி நிற்கும், பிறகு செல்கள் பிரிந்து பெருகும். கர்ப்பிணியின் வயிற்றில் நடப்பதும் இதுவே. 1957-ல் சார்லஸ் நியூமன் என்ற அமெரிக்க மருத்துவர் இதைத் தந்திரமாகப் பயன்படுத்தினார்: காதை இழந்த ஒருவரின் தலைத்தோலுக்கு அடியில் சிறு பலூனை வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊதி, புதுக் காது செய்யத் தேவையான தோலை அங்கேயே வளர்த்தெடுத்தார். மார்பகத்திலும் முன்பே நெகிழ்ந்திருந்த பக்கம் சீக்கிரம் இடம்கொடுக்கும், இறுக்கமான பக்கம் தாமதிக்கும்.

இதற்கிடையே உள்ளே இன்னொரு நாடகம் நடக்கிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். உள்பொருத்தி உள்ளே போன சில நொடிகளில் ரத்தப் புரதங்கள் அதன் மேல் படிந்துவிடுகின்றன. பிறகு விழுங்கணுக்கள், அதாவது அந்நியப் பொருளைத் தின்று தீர்க்கும் வெள்ளணுக்கள் வருகின்றன. பாக்டீரியாவை விழுங்கலாம், உள்ளங்கையை மீறிய ஒரு பையை எப்படி விழுங்குவது? பல அணுக்கள் ஒன்றோடொன்று இணைந்து ஒரே ராட்சத அணுவாகி முயல்கின்றன. அப்போதும் முடிவதில்லை. தின்ன முடியாததைச் சிறை வைப்பதுதான் அடுத்த உத்தி. நார் நெய்யும் செல்கள் கொலாஜன் இழைகளை இழுத்து, பையைச் சுற்றி ஓர் உறை பின்னிவிடுகின்றன. பெரும்பாலோரிடம் அது மெல்லிய, மிருதுவான உறை. அது இருப்பதே தெரியாது. உள்பொருத்தி வைத்த ஒவ்வொருவருக்கும் அது உண்டு.

சிலரிடம் மட்டும் அந்த உறை சுருங்குகிறது. நெய்யும் செல்களில் சில, தசைபோலச் சுருங்கும் திறனைப் பெற்றுவிடுகின்றன. ஜூலியோ கபியானி என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் 1971-ல் அடையாளம் காட்டிய இந்த ‘தசைநார்ச் செல்’தான் நம் வெட்டுக்காயங்களின் விளிம்புகளை இழுத்து மூட வைப்பதும். சுருக்குப்பையின் கயிற்றை இழுத்ததுபோல உறை நெருக்கும்போது உள்ளே உள்ள பையின் கொள்ளளவு குறையாது, மேற்பரப்பு மட்டும் குறைந்தாக வேண்டும். ஒரே கொள்ளளவுக்கு மிகக் குறைந்த மேற்பரப்பு உள்ள வடிவம் எது? கோளம். மழைத்துளி உருண்டையாவதற்கு இருக்கிற அதே கணக்குத்தான், சுருங்கிய மார்பகம் உருண்டு, இறுகி, மேலேறித் தெரிவதற்கும் காரணம். இதன் தீவிரத்தை ஜேம்ஸ் பேக்கர் என்ற பிளாஸ்டிக் சர்ஜன் 1975-ல் நான்கு படிகளாகப் பிரித்தார். முதல் படியில் மார்பகம் இயல்பாக இருக்கும். நான்காம் படியில் கெட்டிப்பட்டு, உருக்குலைந்து, வலிக்கும். இந்தச் சுருக்கம் பல நேரம் ஒரே பக்கத்தில் மட்டும் வருகிறது. ஒரே பெண், ஒரே தயாரிப்பு, ஒரே நாள். அப்படியானால் காரணம் உடம்பு முழுமைக்குமான ஒவ்வாமையாக இருக்க முடியாது; அந்தப் பக்கத்தில் தேங்கிய ரத்தமோ, பை நுழையும்போது தோலிலிருந்து ஒட்டிக்கொண்ட பாக்டீரியாவோ காரணமாகலாம் என்று ஆய்வாளர்கள் கருதுவதற்கு இதுவும் ஒரு காரணம். இன்று பல மருத்துவர்கள் பையைக் கையால் தொடாமல், புனல்போன்ற உறை வழியாகப் பிழிந்து உள்ளே செலுத்துகிறார்கள்.

உணர்ச்சியும் இரு பக்கமும் ஒன்றாகத் திரும்புவதில்லை. காம்புப் பகுதிக்கு உணர்வைக் கொண்டுவருவதில் முக்கியமானது நான்காம் விலா இடை நரம்பு. இழுபட்டோ அறுபட்டோ போன நரம்பு நாளைக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் வேகத்தில் மீண்டும் வளரும். விரல்நகம் வளர்வதைவிட ஏறக்குறைய பத்து மடங்கு வேகம் என்றாலும், பத்து சென்டிமீட்டர் போக மூன்று மாதத்துக்கு மேல் ஆகும். ஒரு பக்கம் மரத்துக் கிடக்க, மறுபக்கம் சட்டை பட்டாலே சுரீரென்பது இதனால்தான்.

மார்பகத்தைச் சிறிதாக்கும் அறுவையிலும் இதே கதைதான். அங்கே வெட்டியெடுத்த திசுவைப் பக்கவாரியாகத் தராசில் எடைபோடுவார்கள். பெரிதாக இருந்த பக்கத்தில் அதிகம் வெட்ட வேண்டும், அதனால் அந்தப் பக்கம் அதிகம் வீங்கலாம். 2018-ல் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மார்பக அழகு அறுவை இலவசமாகச் செய்யப்படுகிறது என்ற செய்தி வந்தபோது, மக்கள் பணத்தில் அழகு எதற்கு என்று பலர் கேட்டார்கள். அங்குள்ள மருத்துவர்கள் சொன்ன காரணங்களில் பாரத்தால் வரும் தோள்வலி, முதுகுவலியும் இருந்தன, இரு பக்கமும் வெவ்வேறு அளவாக இருப்பதும் இருந்தது. அழகு, சிகிச்சை என்று கோடு கிழிப்பவர்கள் அந்த வலியைச் சுமந்து பார்த்ததில்லை என்றே எனக்குப் படுகிறது.

தழும்பு முதிர ஓராண்டு ஆகும். அதனால்தான், அவசரக் காரணம் ஏதும் இல்லாவிட்டால், ஆறு மாதம் முதல் ஓராண்டு கழியும் முன் திருத்த அறுவைக்குப் பெரும்பாலான மருத்துவர்கள் கத்தியை எடுப்பதில்லை. இறங்கிக்கொண்டிருக்கும் பக்கத்தை அளந்து வெட்டினால், வெட்டிய பிறகும் அது இறங்கிக்கொண்டே இருக்கும்.

ஆனால் எல்லா வித்தியாசத்துக்கும் பொறுமை மருந்தல்ல. அறுவை முடிந்த முதல் ஒரு நாளுக்குள் ஒரு பக்கம் மட்டும் திடீரென்று பருத்து, இறுகி, வலி ஏறிக்கொண்டே போனால் அது பெரும்பாலும் உள்ளே ரத்தம் கட்டுவது. விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சில நாள் கழித்து ஒரு பக்கம் சிவந்து, சுட்டு, காய்ச்சலும் வந்தால் கிருமித்தொற்றைச் சந்தேகியுங்கள். எல்லாம் ஆறி, மறந்தும் போய், பல ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு பக்கம் வீங்குவதும் உண்டு. சொரசொரப்பான மேற்பரப்புள்ள உள்பொருத்திகளைச் சுற்றி அரிதாக வரும் ஒருவகை நிணநீர்ப் புற்றுநோய் பெரும்பாலும் இப்படித்தான் தலைகாட்டுகிறது. 2019-ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் கேட்டுக்கொண்டபின் ஒரு நிறுவனம் அத்தகைய பைகளை உலகெங்கும் திரும்பப் பெற்றது. அப்படி வீங்கினால், வைத்து இத்தனை வருடம் ஆகிவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள். ஸ்கேன் எடுத்து, உள்ளே தேங்கிய நீரைச் சோதனைக்கு அனுப்பும்படி மருத்துவரிடம் கேளுங்கள்.