"மூணு கொட்டை குடு, கண்ணு!"

காலை பத்தரை மணி. அங்கன்வாடியின் பாயில் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள். மூன்றரை வயதுச் சிறுமி ஒருத்தி ஒன்று முதல் இருபதுவரை மூச்சுவிடாமல் சொல்லி முடிக்கிறாள். கைதட்டிய டீச்சர், புளியங்கொட்டைத் தட்டை அவள் பக்கம் நகர்த்தி, "எனக்கு மூணு கொட்டை குடு, கண்ணு" என்கிறார். அவள் ஒரு கை நிறைய அள்ளி டீச்சரின் உள்ளங்கையில் கொட்டுகிறாள். முகத்தில் துளிச் சந்தேகமும் இல்லை.

இருபதுவரை சொன்னவளுக்கு மூன்று தெரியாதா? தெரியாதுதான். உளவியலாளர் கேரன் வின் 1990களின் தொடக்கத்தில் இதே 'கொடு' விளையாட்டைக் குழந்தைகளிடம் ஆடிப் பார்த்தார். எண்களை வரிசையாகச் சொல்லும் பிள்ளைக்கு முதலில் 'ஒன்று' மட்டுமே பொருளோடு விளங்குகிறது. இரண்டு பிடிபடச் சில மாதங்கள், மூன்று பிடிபட மேலும் சில மாதங்கள். அதன் பிறகே, எண்ணும்போது கடைசியாக வாயில் வந்த சொல்தான் மொத்தம் என்பது புரிகிறது. புரிந்துவிட்டால் ஐந்து, ஆறு, ஏழு எல்லாம் சேர்ந்து வசமாகின்றன.

அந்தப் புரிதல் வரக் கையில் பொருள் வேண்டும். பல்லாங்குழி இதற்கு அருமையான கருவி. பதினான்கு குழிகளிலும் முத்துகளை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போகும்போது, 'ஒரு குழிக்கு ஒரு முத்து' என்ற கணக்கு விரலில் படிந்துவிடுகிறது.

தமிழும் கைகொடுக்கிறது. பதினொன்று, பதின்மூன்று என்னும்போதே பத்தும் மிச்சமும் காதில் விழுகின்றன. ஆங்கிலத்தின் 'லெவன்', 'ட்வெல்வ்' அப்படி எதையும் காட்டிக்கொடுப்பதில்லை. அமெரிக்க, சீனக் குழந்தைகளை ஒப்பிட்டு 1995இல் வெளிவந்த ஆய்வில், பத்துவரை இருதரப்பும் சமமாகவே எண்ணினர். பத்தைத் தாண்டியதும் அமெரிக்கப் பிள்ளைகள் தடுமாறினர். 'பத்து-ஒன்று, பத்து-இரண்டு' என்று எண்ணும் சீனப் பிள்ளைகள் எளிதாகக் கடந்துபோனார்கள். நம் பிள்ளைகளுக்கான சிக்கல் பிற்பாடு வருகிறது. எண்பத்தொன்பதை அடுத்து நிற்கும் தொண்ணூறு, நூறு ஆகாமலே பெயரில் நூறைச் சுமந்துகொண்டிருக்கிறது!

பதினொரு மணிக்கு மணல் தட்டு வருகிறது. மேலிருந்து கீழே ஒரு கோடு, அங்கிருந்து வலப்பக்கம் ஒரு கோடு. 'ட' ஆயிற்று. ஒருவனின் 'ட' சாய்ந்து கிடக்கிறது, இன்னொருத்தியுடையது தட்டைவிட்டே வெளியே போகிறது. 1790களில் எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டு, தம் இல்லத்திலும் அதைப் புகுத்தினார். 1797இல் லண்டனில் அதை நூலாகவும் வெளியிட்டார். மணல் எழுத்தையும் உள்ளடக்கிய அவரது 'மதராஸ் முறை' இங்கிலாந்துப் பள்ளிகளுக்குப் போன கதை இது.

அந்தக் கோணல் எழுத்துக்கு மதிப்பு உண்டு. 2012இல் ஆய்வாளர் கேரின் ஜேம்ஸ் வெளியிட்ட ஆய்வில், வாசிக்கத் தெரியாத ஐந்து வயதுப் பிள்ளைகள் எழுத்துகளைக் கையால் எழுதினார்கள், அச்சின்மேல் வரைந்தார்கள், விசைப்பலகையில் தட்டினார்கள். பிறகு மூளையை ஸ்கேன் செய்தபோது, தாங்களே கையால் எழுதிப் பழகிய எழுத்துகளைப் பார்க்கையில்தான் வாசிப்புக்கான பகுதிகள் நன்கு விழித்துக்கொண்டன. ஒவ்வொரு முறையும் வேறு வடிவில் வரும் எழுத்தில் எது மாறலாம், எது மாறக் கூடாது என்பதை மூளை கற்றுக்கொள்வதே காரணம் என்பது அவர் கருத்து.

இதற்கெல்லாம் பக்கத்தில் உட்கார ஒரு பெரியவர் வேண்டும். அங்கன்வாடிப் பணியாளருக்கோ குழந்தைகளை எடைபார்ப்பது, சத்துமாவு கொடுப்பது, கர்ப்பிணிகளைக் கவனிப்பது, பதிவேடு நிரப்புவது என்று வேலை வரிசையாக நிற்கிறது. கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட பொருளியலாளர்கள் தமிழ்நாட்டின் 320 அங்கன்வாடிகளை எடுத்துக்கொண்டு, அவற்றில் ஒரு பகுதிக்கு அரைநாள் பணியாளர் ஒருவரைக் கூடுதலாகக் கொடுத்துப் பார்த்தார்கள். முன்பருவக் கல்விக்குக் கிடைத்த நேரம் இரட்டிப்பானது. ஒன்றரை ஆண்டில் கணக்கிலும் மொழியிலும் பிள்ளைகள் தெளிவாக முன்னேறினார்கள். பழைய பணியாளருக்கு ஊட்டச்சத்து வேலையைக் கவனிக்க நேரம் கிடைத்ததால், வயதுக்கேற்ற உயரமில்லாத குழந்தைகளின் விகிதமும் குறைந்தது. ஒரே ஒரு ஆள், அதுவும் அரைநாள்! இந்தச் செலவுக்குத் தயங்க வேண்டியதே இல்லை.

மதியச் சாப்பாட்டு நேரம். காலையில் கொட்டையை அள்ளிக் கொட்டிய சிறுமி, தன் வரிசையில் இருக்கும் தோழிகளுக்குத் தட்டு வைக்கிறாள். "உனக்கு ஒண்ணு, உனக்கு ஒண்ணு." யாரும் விடுபடவில்லை, யாருக்கும் இரண்டு போகவில்லை. "எத்தனை தட்டு வச்ச?" என்று டீச்சர் கேட்கிறார். அவள் முதல் தட்டுக்கே திரும்பிப் போய், விரலை அதன்மேல் வைத்து, "ஒண்ணு..." என்று ஆரம்பிக்கிறாள்.