தவணை நாளும் கூலி நாளும்

கடன் வாங்குவது எளிது. கட்டி முடிப்பதே கடினம் என்பதை நம் மக்கள் நெடுங்காலமாக அறிவர். ஆயினும், எந்த வழியில் கட்டுவது, எந்த நாளில் கட்டுவது, கட்டியதற்கு என்ன சான்று வைத்துக்கொள்வது என்னும் மூன்று கேள்விகளையும் கடன் வாங்கும் வேளையிலேயே கேட்போர் மிகச் சிலர். மகளின் கல்யாணச் சீருக்குக் கட்டிலும் பீரோவும் வேண்டும். பிள்ளைகள் படிக்க மேஜையும் நாற்காலியும் வேண்டும். கடைக்காரர் காட்டும் இடத்தில் கையெழுத்திட்டுச் சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுகிறோம். முதல் தவணை தவறிய பிறகுதான் அந்தத் தாளில் எழுதியிருந்தது என்ன என்று தேடுகிறோம். இந்த முறையை நம் அங்கத்தினர்கள் மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தாம்பரம் வட்டாரத்துக்கு இவ்விஷயத்தில் ஒரு தனி நிலைமை உண்டு. 1931-ஆம் ஆண்டில் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1937-இல் கிறிஸ்தவக் கல்லூரி தாம்பரத்துக்கு வந்தது. 1984-இல் சானடோரியம் பகுதியில் ஏற்றுமதி வளாகம் அமைந்தது. இவற்றால் மாதச் சம்பளக்காரர்கள் பெருகினர், ஜி.எஸ்.டி. சாலையின் இரு மருங்கிலும் கடைகளும் பெருகின. தவணை முறை என்பது மாதச் சம்பளக்காரரை மனத்திற்கொண்டு வகுக்கப்பட்ட ஏற்பாடு. குறித்த தேதியில் குறித்த தொகை வரவேண்டும் என்பது அதன் அடிப்படை.

ஆனால் 2021-இல் தாம்பரம் மாநகராட்சியோடு இணைக்கப்பட்ட அனகாபுத்தூரிலும், அடுத்துள்ள குன்றத்தூரிலும் தறி நெய்வோர்க்குப் பாவு முடிந்து, துணியை அறுத்து ஒப்படைத்த பிறகே கூலி கிடைக்கும். மணிமங்கலம், சோமங்கலம் ஏரிப் பாசனத்தில் நெல் விளைவிப்போர்க்கு அறுவடைக்குப் பிறகே கையில் பணம் புழங்கும். மழைக்காலத்தில் நூல் ஈரம் கோத்துத் தறி நின்றால் கூலியும் நிற்கும், தவணை நிற்காது. சம்பளக்காரரின் அளவுக்குத் தைத்த சட்டையை நாம் அப்படியே மாட்டிக்கொண்டால் அது கழுத்தைப் பிடிக்காமல் என்ன செய்யும்?

தவணை முறை வந்த வழி

விலையைப் பகுதி பகுதியாகக் கட்டும் வழக்கத்தை உலகெங்கும் பரப்பியவற்றுள் முதன்மையானது சிங்கர் தையல் இயந்திரம். அமெரிக்காவில் 1856-ஆம் ஆண்டிலேயே அந்நிறுவனம் தவணை விற்பனையைத் தொடங்கியது. சென்னை நகரில் இம்முறையைச் சாமானிய மக்களிடம் கொண்டுசேர்த்தவர்களுள் குறிப்பிடத்தக்கவர் 1950-களில் வணிகம் தொடங்கிய வி. ஜி. பன்னீர்தாஸ். அவருடைய வி.ஜி.பி. நிறுவனத்தில் விற்பனையாளராக இருந்த எச். வசந்தகுமார், 1978-இல் வசந்த் அண்ட் கோ நிறுவனத்தைத் தொடங்கி அதே முறையை மேலும் வளர்த்தார்.

அக்காலத்துத் தவணையில் கடைக்காரரே கடன் கொடுத்தவர். வாடகைக் கொள்முதல் எனப்பட்ட முறையில், கடைசித் தவணை தீரும் வரை பொருள் விற்றவருக்கே சொந்தம். இதை ஒழுங்குபடுத்த 1972-இல் பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. ஆனால் அது நடைமுறைக்கு வராமலே இருந்து 2005-இல் நீக்கப்பட்டது.

இன்று பெரும்பாலும் நடப்பது வேறு. கடையில் ஒரு மேஜை போட்டு அமர்ந்திருப்பவர் கடைக்காரர் அல்லர். ஒரு நிதி நிறுவனத்தின் ஆள். அந்நிறுவனம் கடைக்காரருக்குப் பணத்தைக் கொடுத்துவிடுகிறது. நாம் அதற்குக் கடனாளி ஆகிறோம். கட்டிலின் கால் ஒடிந்தாலும், கடையே மூடப்பட்டாலும், கடன் ஒப்பந்தம் தனியே நிற்கும். பொருளில் குறை இருந்தால் கடைக்காரர்மீது நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் சொல்லலாம். ஆனால் கோபத்தில் தவணையை நிறுத்தினால், கெடுவது கடைக்காரரின் பெயரன்று, நம்முடைய பெயர்.

வட்டி இல்லை என்னும் வார்த்தை

“வட்டியே இல்லை” என்ற விளம்பரத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு கட்டிலும் பீரோவும் தவணையில் 30,000 ரூபாய். மாதம் 3,000 வீதம் 10 மாதம். ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு போக 27,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தவணைக்காரரிடம் முதலிலேயே 500 ரூபாய் நடைமுறைக் கட்டணமும், அதன்மேல் 18 விழுக்காடு வரியாக 90 ரூபாயும் வாங்குகிறார்கள். ஆக, 27,000 ரூபாய்ப் பொருளுக்கு அவர் கொடுப்பது 30,590 ரூபாய். அதிகப்படி 3,590 ரூபாய்.

இது 13 விழுக்காடுதானே என்று எண்ணலாகாது. மாதந்தோறும் அசல் குறைந்துகொண்டே வருவதால், பத்து மாதமும் முழுத்தொகை நம்மிடம் இருப்பதில்லை. முறையாகக் கணக்கிட்டால், இது ஆண்டுக்கு ஏறத்தாழ 28½ விழுக்காடு வட்டிக்குச் சமம். வட்டியில்லாத் தவணை என்று ஒன்று கிடையாது. அது விலையிலோ கட்டணத்திலோ மறைந்திருக்கும் என்பதை ரிசர்வ் வங்கியும் 2013 செப்டம்பரில் வங்கிகளுக்கு எடுத்துக்காட்டியது.

ஆகவே கடையில் கேட்கவேண்டிய முதல் கேள்வி, “மாதம் எவ்வளவு?” என்பதன்று, “ரொக்கத்துக்கு எவ்வளவு?” என்பதே. இரண்டாவதாக, கடன் விவரத்தாளைக் கேட்டு வாங்கவேண்டும். 2024 அக்டோபர் 1 முதல், தனிநபர்களுக்கு அளிக்கும் புதிய தவணைக் கடன்களுக்கு வங்கிகளும் நிதி நிறுவனங்களும் இதைக் கொடுக்கவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. எல்லாக் கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு விகிதம் அதில் இருக்கும். கடன்பெறுவோர்க்குப் புரியும் மொழியில் அது இருக்கவேண்டும். ஆகையால் தமிழில் விளக்கம் கேட்கத் தயங்கவேண்டியதில்லை.

கட்டும் வழிகள்

முதலாவது, ரொக்கம். நிதி நிறுவனத்தின் கிளையிலோ, அது அனுமதித்த இடத்திலோ கட்டலாம். கடன் எண், தேதி, தொகை மூன்றும் உள்ள அச்சிட்ட ரசீது அங்கேயே கைக்கு வரவேண்டும். “நாளை தருகிறேன்” என்பது ரசீது ஆகாது. பொருள் வாங்கிய கடையில் பணத்தைக் கொடுத்துவிட்டு வருவோர், அக்கடை நிறுவனத்தின் சார்பில் பணம் பெறும் உரிமை உடையதா என்று முதலில் தெரிந்துகொள்ளவேண்டும்.

இரண்டாவது, காசோலை. பின்தேதியிட்ட காசோலைகளைக் கொடுத்தால் அவற்றின் எண்களைக் குறித்துவைக்க வேண்டும். கணக்கில் பணமின்றிக் காசோலை திரும்பி, சட்டப்படியான அறிவிப்புக்குப் பிறகும் கட்டாவிட்டால், அது குற்ற வழக்காகலாம். இரண்டாண்டு வரை சிறையோ, காசோலைத் தொகையைப் போல் இருமடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு.

மூன்றாவது, வங்கிக் கணக்கிலிருந்து தானே பிடித்துக்கொள்ளும் முறை. இன்று மிகுதியாக வழங்குவது இதுவே. வசதியானது, ஆனால் கூலிக்காரருக்கு மிகுந்த கவனம் வேண்டியதும் இதுவே. 2021 ஆகஸ்ட் 1 முதல் ஞாயிற்றுக்கிழமையும் விடுமுறை நாட்களும் உட்பட எல்லா நாட்களிலும் இம்முறை இயங்குகிறது. “பண்டிகை நாளாயிற்றே, நாளைக்குத்தான் பிடிப்பார்கள்” என்று இருந்துவிடலாகாது. பணமின்றி இது திரும்பினாலும், 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, காசோலைக்குச் சொன்ன தண்டனையே பொருந்தும்.

நான்காவது, கைப்பேசியின் வழியாகக் கட்டுதல். யு.பி.ஐ. செயலிகளில் கடன் தவணைக்கென ஒரு பகுதி உண்டு. நிறுவனத்தின் பெயரையும் கடன் எண்ணையும் கொடுத்தால் கட்டவேண்டிய தொகையை அதுவே காட்டும். பணம் பெறுபவரின் பெயர் நிறுவனத்தின் பெயர்தானா என்று பார்த்த பிறகே ரகசிய எண்ணை அழுத்தவேண்டும். யு.பி.ஐ. வழியாகத் தானே பிடிக்கும் ஏற்பாடு செய்திருந்தால், 15,000 ரூபாய் வரை ஒவ்வொரு முறையும் ரகசிய எண் கேட்கப்படுவதில்லை. ஆனால் 24 மணி நேரத்துக்கு முன்பே அறிவிப்பு வரும். அந்தச் செய்தியைப் படிக்கும் பழக்கம் வேண்டும்.

ஐந்தாவது, வீடு தேடி வருபவரிடம் கொடுத்தல். இது பழைய முறை, பழகிய முறை. ஆயினும், அவருடைய அடையாள அட்டையையும் நிறுவனம் கொடுத்த அதிகாரக் கடிதத்தையும் பாராமல் ஒரு ரூபாயும் கொடுக்கலாகாது. அவருடைய சொந்தக் கைப்பேசி எண்ணுக்குப் பணம் அனுப்புவது எக்காரணத்தாலும் கூடாது. அப்பணம் நிறுவனத்தைச் சேராவிட்டால், நாம் கட்டவில்லை என்றே கணக்கு நிற்கும்.

எந்த வழியானாலும் விதி ஒன்றே: பணம் கடன் கொடுத்தவரின் கணக்கைச் சேரவேண்டும், சேர்ந்ததற்குச் சான்று நம் கையில் இருக்கவேண்டும்.

நாளைத் தேர்ந்தெடுத்தல்

கட்டும் வழியைக் காட்டிலும் கட்டும் நாள் முக்கியமானது. சங்கத்தில் 10-ஆம் தேதிக்கு மேல் கூலி பட்டுவாடா ஆகுமானால், 5-ஆம் தேதித் தவணையை ஏற்பது நாமே வரவழைத்துக்கொள்ளும் துன்பம். கையெழுத்திடும் முன்பே தேதியை மாற்றித் தரும்படி கேட்கவேண்டும். மறுத்தால் அந்தக் கடனையே மறுப்பது நல்லது. அதோடு, ஒரு தவணைக்குரிய தொகையை எப்போதும் கணக்கில் தொடாமல் வைத்திருத்தல் வேண்டும். அந்தத் தொகையைக்கூடச் சேர்க்க முடியாத குடும்பம், பத்து மாதக் கடனை ஏற்கும் நிலையில் இல்லை என்று அறிக.

ஒரு தவணை திரும்பினால் நிறுவனமும் கட்டணம் கேட்கும். வங்கியும் கட்டணம் பிடிக்கும். தலைக்கு 500 ரூபாய் என்றால், 3,000 ரூபாய்த் தவணைக்கு 1,000 ரூபாய் வீண். அதன்மேல் தாமதக் கட்டணமும் உண்டு. அந்தத் தாமதக் கட்டணத்தை அசலில் சேர்த்து அதற்கும் வட்டி போடலாகாது என்பது 2024 முதல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதி. தவறிய செய்தி சிபில் முதலிய கடன் தகவல் நிறுவனங்களின் ஏட்டிலும் ஏறும். பின்னாளில் தறிக்கோ பம்புசெட்டுக்கோ வங்கியை நாடும்போது, பீரோவுக்காகத் தவறிய தவணை குறுக்கே நிற்கும். தொழிலுக்கு வேண்டிய நாணயத்தைச் சாமானுக்காக இழப்பது எவ்வளவு பேதைமை!

தவணை தவறும் என்று தெரிந்தால், தேதிக்கு முன்பே நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து அவகாசம் கேட்கவேண்டும். ஒரு கடனை அடைக்கக் கந்துவட்டிக்குக் கை நீட்டுவது தீயை நெய்யால் அணைப்பதை ஒக்கும். கந்துவட்டியைத் தடை செய்யும் தமிழ்நாட்டுச் சட்டம் 2003-ஆம் ஆண்டு முதல் இருக்கிறது. வசூலிப்போர் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் தொலைபேசியில் தொல்லை கொடுக்கலாகாது என 2022-இல் ரிசர்வ் வங்கி கட்டளையிட்டது. மீறினால் முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் முறையிடவேண்டும். 30 நாட்களில் தக்க பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம், அதற்குக் கட்டணமில்லை. 14448 என்ற எண்ணில் விவரம் கிடைக்கும்.

கடைசித் தவணை கட்டியதும் வேலை முடிந்துவிடவில்லை. நிலுவை இல்லை என்னும் சான்றைப் பெறவேண்டும். வங்கிக் கணக்கிலிருந்து பிடிக்கும் ஏற்பாட்டை நீக்கவேண்டும். ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகத் தரும் அறிக்கையில் கடன் தீர்ந்ததாகப் பதிவாகியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

சங்கமும் நாமும்

1844-இல் இங்கிலாந்தின் ராச்டேல் ஊரில் 28 பேர் கூட்டுறவுக் கடை தொடங்கினர். அவர்களுள் நெசவாளரும் இருந்தனர். கடைக்கடன் தொழிலாளரை எப்படிக் கட்டிப்போடும் என்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தார்கள். ஆகவே ரொக்கத்துக்கே விற்பனை என்பதைத் தம் கடையின் விதியாக வைத்தார்கள். கூட்டுறவின் வேரில் ஊறியது அந்தச் சிக்கனமே.

மேலே சொன்ன கணக்கையே திருப்பிப் பார்ப்போம். மாதம் 3,000 ரூபாயைச் சங்கத்திலோ கூட்டுறவு வங்கியிலோ தொடர் சேமிப்பாகப் போட்டால், ஒன்பது மாதத்தில் 27,000 ரூபாய் சேரும். கொஞ்சம் வட்டியும் வரும். அதே கட்டிலையும் பீரோவையும் ரொக்கம் கொடுத்து வாங்கலாம். பத்து மாதம் கட்டவேண்டியதை ஒன்பது மாதத்தில் முடிக்கிறோம். 3,590 ரூபாய் மிச்சம். இடையில் ஒரு மாதம் தறி நின்றால், சேமிப்பு ஒரு மாதம் தாமதப்படும், அவ்வளவே. யாரும் வாசலில் வந்து நிற்கமாட்டார்கள். அவசரத் தேவைக்குப் பல்லாவரம் வெள்ளிச் சந்தையில் பழைய மேஜையும் நாற்காலியும் பேரம் பேசி வாங்கலாம். அதில் இழிவு ஒன்றும் இல்லை.

கல்யாணம் காத்திருக்காது, சில வேளைகளில் தவணையும் தவிர்க்க முடியாதுதான். அப்போது அங்கத்தினர் ஒருவர் கையெழுத்திடும் முன் கடன் விவரத்தாளைச் சங்கத்துக்குக் கொண்டுவந்து காட்டட்டும். கணக்கறிந்த செயலாளரோ, படித்த இளைஞர் ஒருவரோ கால்மணி நேரம் ஒதுக்கி அதைப் படித்துச் சொல்லட்டும். ரொக்க விலை என்ன, ஆண்டு விகிதம் என்ன, தவணை நாள் கூலி நாளுக்குப் பின்னதா என்ற மூன்றையும் பார்த்தால் போதும். இதற்குச் சங்கத்தின் நிதியிலிருந்து ஒரு காசும் செலவில்லை. அங்கத்தினருடைய கூலி வீட்டில் தங்குமானால், அதைவிடச் சங்கத்துக்கு வேறு லாபம் என்ன வேண்டும்?