ஷெட்டுக்குள் ஒரு சோழவரம்!

எங்கள் மறைமலை நகரில் தடுக்கி விழுந்தால் ஒரு கார் கம்பெனி ஆசாமியின் மேல்தான் விழ வேண்டும். பம்பர் மாட்டியவர், சீட் தைத்தவர், பெயின்ட் அடித்தவர், இவர்களுக்கெல்லாம் கேன்டீனில் சாம்பார் ஊற்றியவர்... தனித்தமிழ் வளர்த்த மறைமலை அடிகளின் பெயரை ஊருக்கு வைத்துவிட்டு, காலையிலிருந்து ராத்திரி வரை 'கிளட்ச் பிளேட், கிராங்க் ஷாஃப்ட்' என்று பேசிக் கொண்டிருக்கிறோம். அடிகள் மன்னிப்பாராக!

இத்தனை பேர் இருந்தும், தனக்கென்று சொந்தமாக ஒரு கார் செய்கிறவர் எனக்குத் தெரிந்து ஒரே ஒருத்தர்தான். எங்கள் எதிர்வீட்டு அண்ணன். 'செய்கிறார்' என்பதுகூடக் கொஞ்சம் அதிகம். அவருடைய அப்பா 1984-ல் ஆரம்பித்து, 1988-ல் அப்படியே விட்ட காரை இப்போது முடிக்கப் பார்க்கிறார்.

பெரியவருக்கு 83 வயது. வண்டலூர் 'ஸ்டாண்டர்டு மோட்டார்' தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஞாபகம் இருக்கிறதா? 1961 முதல் அங்கேதான் தயாரானது. 948 சி.சி. இன்ஜின், மிச்செலாட்டி என்ற இத்தாலிக்காரர் வரைந்த டிசைன். முன்பக்கம் முழுவதையும், மட்கார்டோடு சேர்த்து, முன்னால் கவிழ்த்துவிடலாம். மெக்கானிக் டயர் மேல் உட்கார்ந்து சாவகாசமாக வேலை பார்க்கலாம்!

இன்னொரு விசேஷமும் உண்டு. இங்கிலாந்தில் இதை வடிவமைத்த கம்பெனிக்கு முழு பாடியை ஒரே துண்டாகச் செய்து கொடுக்க ஆள் கிடைக்கவில்லை. செய்து கொடுத்துக் கொண்டிருந்தவர்களைப் போட்டிக் கம்பெனி வாங்கிவிட்டது. வேறு வழியில்லாமல் தனி சேஸிஸ் போட்டு, பாடியைத் துண்டு துண்டாகச் செய்து, நட்டு போட்டு முடுக்கினார்கள். அவர்களுக்கு வந்த கஷ்டம், உலகமெங்கும் உள்ள கார் பைத்தியங்களுக்கு வரமாகிவிட்டது. நட்டைக் கழற்றினால் பாடி வந்துவிடும். மிச்சமிருக்கும் சேஸிஸ் மேல் உங்கள் இஷ்டத்துக்கு ஒரு காரைக் கட்டிக் கொள்ளலாம்!

நம்ம ஊரில் அப்படிக் கட்டியவர்கள் போன இடம் சோழவரம். இரண்டாம் உலகப் போரில் போட்ட விமான ஓடுதளம் அது. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 80-கள் வரை அங்கே ரேஸ் நடத்தியது. ஹெரால்டு, ஃபியட், அம்பாசிடர் எல்லாம் உருமாறி வந்து உறுமின. மகாராஜாக்களும் தொழிலதிபர்களும் ஓட்டிய அதே ஓடுதளத்தில் மெக்கானிக்குகளின் கைவேலையும் ஓடியது. கோவையில் கரிவரதன் குறைந்த செலவில் ரேஸ் கார் கட்டி ஒரு தலைமுறையையே ஓட்ட வைத்தார். பாவம், 1995-ல் விமான விபத்தில் போய்விட்டார்.

நம் பெரியவருக்கும் அந்த ஆசைதான். விபத்தில் கவிழ்ந்த 1967 மாடல் ஹெரால்டு ஒன்றைச் சல்லிசாக வாங்கி, நசுங்கிய பாடியைக் கழற்றிப் போட்டு, குழாயில் ஃபிரேம் கட்டி, அலுமினியத் தகட்டைக் கையாலேயே அடித்து வளைக்க ஆரம்பித்தார். இரண்டே சீட், கூரை கிடையாது. நான்கு வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வேலை. 1988-ல் வண்டலூர் தொழிற்சாலை உற்பத்தியை நிறுத்தியது. அதற்கப்புறம் இரண்டு பெண்களின் கல்யாணம். சோழவரமும் முடிந்து, 1990-ல் ரேஸ் இருங்காட்டுக்கோட்டைக்குப் போய்விட்டது. கார் ஆஸ்பெஸ்டாஸ் ஷெட்டுக்குள் போனது.

மகனோ மறைமலை நகர் ஃபோர்டில் சேர்ந்தார். 2022 ஜூலையில் அங்கேயும் கார் உற்பத்தி நின்றது. அப்பாவுக்கு ஒரு தொழிற்சாலை, பிள்ளைக்கு ஒரு தொழிற்சாலை! செட்டில்மென்ட்டோடு வீட்டுக்கு வந்த அண்ணன், ஒரு மாசம் டி.வி. பார்த்தார். அடுத்த மாசம் ஷெட் பூட்டை உடைத்தார். சாவி எப்போதோ தொலைந்து போயிருந்தது.

நான் பி.காம். எதைப் பார்த்தாலும் டெபிட், கிரெடிட்தான் தெரியும். ''வருஷா வருஷம் தேய்மானம் கழிச்சிருந்தா இந்த வண்டியோட மதிப்பு இப்ப ஒரு டீ காசுகூட வராதுண்ணே'' என்றேன்.

ஈசிசேரில் இருந்த பெரியவர், ''அந்தக் கணக்குல எனக்கு என்ன வரும் தம்பி?'' என்றார். நான் கையிலிருந்த டீயை அவசரமாகக் குடித்தேன்.

இன்ஜின் இறுகிப் போயிருந்தது. இந்த மாதிரி நேரத்தில் பேட்டரி கொடுத்து செல்ஃப் அடித்தால், துருவில் ஒட்டிய பிஸ்டன் ரிங் உடையும். சிலிண்டர் சுவர் கீறிவிடும். எனவே நான்கு பிளக்கையும் கழற்றி, டீசலும் இன்ஜின் ஆயிலும் கலந்து ஊற்றி ஊறப் போட்டார்கள். தினமும் சாயங்காலம் கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டு லேசாக ஒரு தம். பதினோரு நாள் அசையவில்லை. பன்னிரண்டாம் நாள் அரை இஞ்ச் நகர்ந்தது. தெருவே கேட்கும்படி அண்ணன் கத்தினார். அண்ணி எட்டிப் பார்த்து, ''ஹால் ஃபேன் மூணு மாசமா சுத்தல. அதுக்கு ஒருத்தரும் எண்ணெய் ஊத்தக் காணோம்'' என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஸ்பேனர் என்றதும் ஞாபகம் வருகிறது. அண்ணனின் உத்தியோகம் முழுக்க மில்லிமீட்டரில். ஹெரால்டு முழுக்க இஞ்ச்சில். அரை இஞ்ச் நட்டில் 13 மில்லி ஸ்பேனர் உட்காருவது போல் உட்காரும். அழுத்தினால் நட்டின் மூலை மழுங்கிவிடும். பெரியவர் பேசாமல் எழுந்து போய், கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு துணி மூட்டையைக் கொண்டு வந்தார். பிரித்தால் இஞ்ச் ஸ்பேனர்கள்! கிரீஸ் தடவி வைத்ததால் ஒரு பொட்டு துரு இல்லை.

வயரிங்கை எலி தின்று தீர்த்திருந்தது. டேங்கில் பெட்ரோல் பிசினாகியிருந்தது. பிரேக் சிலிண்டர் ரப்பரெல்லாம் பொடியாக உதிர்ந்தது. ஜி.பி. ரோடும் புதுப்பேட்டையும் பல நடை.

முன்சக்கரத்தில் 'ட்ரன்னியன்' என்று ஒரு பித்தளை சமாசாரம். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது அதன் மரைமேல்தான் சக்கரம் திரும்பும். அண்ணன் அதில் கிரீஸ் அடித்துவிட்டார்.

''கழட்டு'' என்றார் பெரியவர்.

''ஏம்பா?''

''கிரீஸ் அடிமரை வரைக்கும் இறங்காதுடா. தொண்ணூறு கியர் ஆயில்தான் ஊத்தணும். காஞ்சு போச்சுன்னா ஒருநாள் ஒடிஞ்சு, சக்கரம் மடங்கி உள்ள போயிடும்.''

ஹெரால்டு வைத்திருப்பவர்கள் உலகமெங்கும் இன்றைக்கும் சொல்கிற புத்திமதி இதுதான். அண்ணன் கழற்றினார்.

கஷ்டம் ஷெட்டுக்குள் இல்லை சார், வெளியே ரோட்டில் இருந்தது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த வடிவத்தை நாம் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதை அழுத்தமாகச் சொல்லிவிட்டது. 2021-ல் மத்திய அரசு 50 வயது தாண்டிய வண்டிகளுக்கு 'வி.ஏ.' என்று தனி நம்பர் கொண்டு வந்தது. பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் சேஸிஸ், பாடி, இன்ஜினில் கை வைக்காமல் அசல் உருவத்தில் இருக்க வேண்டும். அப்படி இருந்தாலும் கண்காட்சிக்கும் பழைய கார் ஊர்வலத்துக்கும் போகலாம், பெட்ரோல் போடப் போகலாம். மாமியாரை ஸ்டேஷனில் அழைத்துவரப் போகக் கூடாது!

இந்த நேரம் பார்த்து, பழைய ஹெரால்டு பாடி ஒன்று விலைக்கு வந்தது. சேஸிஸ் மேல் வைத்து முடுக்கி 'வி.ஏ.' நம்பருக்கு விண்ணப்பித்துப் பார்க்கலாம். ஆனால் பெரியவர் நான்கு வருஷம் அடித்து வளைத்த அலுமினியம் எடைக்குப் போகும். ஸ்பெஷலாகவே முடித்தால் வாழ்நாள் முழுக்க ரோட்டில் இறங்காது. என் ஓட்டு 'வி.ஏ.'வுக்குத்தான், நாலு பேர் பார்க்க ஓடாத காருக்கு எதற்கு இத்தனை செலவு? பெரியவரிடம் கேட்டால், ''உன் இஷ்டம்டா'' என்பதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. அண்ணன் மூன்று வாரம் யோசித்தார்.

''ரோட்ல ஓட்ட ஸ்விஃப்ட் இருக்கு தம்பி. அவரு இதை ரோட்டுக்குன்னு செய்யல'' என்றார் கடைசியில்.

ஆக, வண்டி முடிந்ததும் மினி லாரியில் ஏறி, ஒரகடம் வழியாக இருங்காட்டுக்கோட்டை ட்ராக்குக்குப் போகும். அனுமதி, ரோல் பார், பெல்ட், தீயணைப்பான் என்று இன்னும் நிறைய வேலை பாக்கி. போன மாசம் இன்ஜின் முதல் தடவையாக உயிர் பெற்றது. சைலன்சர் இல்லாததால் தெரு நாய்கள் சிங்கப்பெருமாள் கோயில் வரை ஓடியிருக்கும்.

இப்போது சீட் வேலை. ''டிரைவர் சீட்டை யார் அளவுக்குப்பா போடறது?'' என்று சாக்பீஸோடு நின்றார் அண்ணன்.

''உன் அளவுக்கே போடு. எனக்கு இடது பக்கம் போதும்'' என்றார் பெரியவர். ''ஆனா பிரேக்கை நான் பார்த்தப்புறம்தான் ஏறுவேன்.''